"தென்னாபிரிக்க மாதிரி" என்றால் என்ன? உண்மை ஆணைக்குழு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை அரசியலில் ஒரு சொற்றொடர் விட்டுவிட்டுத் திரும்பி வருகிறது: தென்னாபிரிக்க மாதிரி. 2014இல் சிறில் ராமபோசா தென்னாபிரிக்காவின் விசேட தூதுவராகக் கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வந்தபோது கேட்டோம். 2023இல் இலங்கை அமைச்சர்கள் தென்னாபிரிக்காவுக்குப் போய்த் திரும்பியபோது கேட்டோம். 2024 ஜனவரியில் உண்மை, ஒற்றுமை மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவுக்கான சட்டமூலம் வர்த்தமானியில் வந்தபோது மறுபடியும் கேட்டோம். வெள்ளையரின் இனஒதுக்கல் ஆட்சி முடிந்தபின் தென்னாபிரிக்கா அமைத்த உண்மை ஆணைக்குழுதான் அந்த மாதிரி. அது உண்மையில் எப்படி நடந்தது, அதில் எந்தப் பகுதி நிறைவேறவே இல்லை என்பதை இங்கே பாதிக்கப்பட்ட குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டும். வழக்கமாக எழும் கேள்விகளுக்குத் தெரிந்தவரை விரிவாகப் பதில் எழுதியிருக்கிறேன்.

உண்மை ஆணைக்குழு ஒரு நீதிமன்றமா?

இல்லை. யாரையும் சிறைக்கு அனுப்பும் அதிகாரம் அதற்குக் கிடையாது. இந்த ஆள் இந்த நாளில் இந்தக் குற்றத்தைச் செய்தாரா என்று பார்ப்பது நீதிமன்றத்தின் வேலை. இத்தனை ஆண்டுகளாக இந்த நாட்டில் என்ன நடந்தது, யார் கட்டளையிட்டார்கள், எந்த அமைப்புகள் அதைச் செய்து முடித்தன, எந்த அமைப்புகள் கண்டும் காணாமல் இருந்தன என்று தேடுவது ஆணைக்குழுவின் வேலை. முடிவில் ஓர் அறிக்கையும் பரிந்துரைகளும் வரும். பரிந்துரைகளை நிறைவேற்றுவது அரசின் கையில்.

1974இல் உகண்டாவில் இடி அமீன் காலத்திலேயே காணாமற்போனோர் பற்றி ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் பிறகு உலகில் நாற்பதுக்கும் மேற்பட்டவை வந்துவிட்டன. அவற்றில் பலவற்றின் பெயர்கூட இன்று யாருக்கும் நினைவில்லை.

தென்னாபிரிக்கா ஏன் நேரே வழக்குப் போடாமல் ஆணைக்குழுவைத் தேர்ந்தது?

அங்கே போரில் யாரும் முழுதாக வெல்லவில்லை. இனஒதுக்கல் ஆட்சி பேச்சுவார்த்தை மூலம்தான் முடிவுக்கு வந்தது. 1994இல் நெல்சன் மண்டேலா ஜனாதிபதியானபோதும் இராணுவத்திலும் பொலிஸிலும் பழைய அதிகாரிகளே இருந்தார்கள். குற்றவிலக்கு இல்லாமல் ஆட்சியை ஒப்படைக்க அவர்கள் தயாராக இல்லை. சிலியில் இராணுவ ஆட்சியாளர் பினோசே 1978இல் செய்ததுபோல எல்லோருக்கும் ஒட்டுமொத்தமாகப் பொதுமன்னிப்பு கொடுப்பதை மண்டேலாவின் விடுதலை இயக்கம் ஏற்கவில்லை.

இரண்டுக்கும் இடையில் பிறந்ததுதான் 1995ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டம். பேராயர் டெஸ்மண்ட் டுட்டு தலைமையில் 17 ஆணையாளர்கள். மனித உரிமை மீறல்களுக்கு ஒரு குழு, பொதுமன்னிப்புக்கு ஒன்று, இழப்பீட்டுக்கும் மறுவாழ்வுக்கும் ஒன்று என மூன்று குழுக்கள்.

அப்படியென்றால் கொலை செய்தவர்கள் எல்லோரும் மன்னிக்கப்பட்டார்களா?

இல்லை. இங்கேதான் நம்மூர் மேடைகளில் பாதிக் கதை விட்டுப்போகிறது.

பொதுமன்னிப்பு வேண்டுமென்றால் குற்றவாளி தன் பெயரில் தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். செயல் 1960 மார்ச் 1க்கும் 1994 மே 10க்கும் இடையில் நடந்திருக்க வேண்டும். அரசியல் நோக்கத்தோடு செய்ததாக இருக்க வேண்டும். தெரிந்த அனைத்தையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். கடுமையான மீறல்களுக்கு விசாரணை பகிரங்கமாக நடக்கும். பாதிக்கப்பட்டவரோ அவருடைய சட்டத்தரணியோ எதிரே இருந்து குறுக்குக் கேள்வி கேட்கலாம்.

விண்ணப்பிக்காதவர்கள் மீதும், விண்ணப்பித்தும் மறுக்கப்பட்டவர்கள் மீதும் வழக்குத் தொடரப்படும். இது அந்த ஒப்பந்தத்தின் மறுபாதி. முதல் பாதிக்கு அர்த்தம் கொடுத்ததே இந்த மறுபாதிதான். ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. பெரும்பாலானவை நிராகரிக்கப்பட்டன.

செய்த கொலையை ஒருவர் தானாக வந்து ஏன் சொல்ல வேண்டும்?

மனசாட்சி உறுத்தி வந்தவர்கள் இருக்கலாம். பெரும்பாலானோரை வரவழைத்தது பயம். 1996இல் அடுத்தடுத்து நடந்த இரண்டு வழக்குகளைப் பாருங்கள்.

பிரிட்டோரியாவுக்கு அருகே ஃபிளக்பிளாஸ் என்ற பண்ணையில் பொலிஸின் கொலைக்குழு ஒன்று இயங்கியது. அதன் தளபதி யூஜின் டி கொக். அவர்மீது சாதாரண நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 1996 ஒக்டோபரில் இரண்டு ஆயுள் தண்டனையும் அதற்கு மேல் 212 ஆண்டுச் சிறையும் விதிக்கப்பட்டன. அவர் வாய் திறந்து மேலதிகாரிகளின் பெயர்களைச் சொல்லத் தொடங்கியதும், அடுத்தது தாங்கள்தான் என்று புரிந்துகொண்ட பாதுகாப்புப் பொலிஸார் வரிசையாக விண்ணப்பித்தார்கள்.

அதே மாதத்தில் டர்பனில் இன்னொரு தீர்ப்பு வந்தது. 1987இல் குவாமகுத்தாவில் பெண்களும் பிள்ளைகளுமாக 13 பேர் கொல்லப்பட்ட வழக்கில் முன்னாள் பாதுகாப்பு அமைச்சர் மக்னஸ் மலானும் தளபதிகளும் விடுதலையானார்கள். அதன் பிறகு இராணுவத்திலிருந்து வந்து பேசியவர்கள் மிகக் குறைவு. தண்டிக்கப்படுவோம் என்ற அச்சம் போனதும் உண்மையும் நின்றுபோனது.

யாழ்ப்பாணத்துச் செம்மணியும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. அங்கே சடலங்கள் புதைக்கப்பட்ட தகவலை வெளிக்கொண்டு வந்தது எந்த ஆணைக்குழுவும் அல்ல. பாடசாலை மாணவி கிருசாந்தியின் கொலை வழக்கில் 1998இல் தண்டனை பெற்ற இராணுவத்தினன் ஒருவன் குற்றவாளிக் கூண்டில் நின்று சொன்னான். அடுத்த ஆண்டு தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. 2025இல் செம்மணியில் மீண்டும் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன.

விசாரணை அமர்வுகள் எப்படி இருந்தன?

முதல் அமர்வு 1996 ஏப்ரல் 15இல் ஈஸ்ட் லண்டன் நகர மண்டபத்தில் தொடங்கியது. ஊர் ஊராகப் போய் நகர மண்டபங்களிலும் தேவாலயங்களிலும் சமூக நிலையங்களிலும் அமர்ந்தார்கள். சாட்சி தன் தாய்மொழியில் பேசலாம். மொழிபெயர்ப்பாளர்கள் கண்ணாடிக் கூண்டுகளுக்குள் இருந்து, "என்னை அடித்தார்கள்" என்று சாட்சி சொன்னதைத் தன்னிலையிலேயே மொழிபெயர்த்தார்கள். வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. சுமார் 21,000 பேர் வாக்குமூலம் கொடுத்தார்கள். பகிரங்க மேடையில் பேச வாய்ப்புக் கிடைத்தது அவர்களில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேருக்கே.

முதல் வாரத்திலேயே நொமொண்டே கலாட்டா வந்தார். கிரடொக் என்ற சிற்றூரைச் சேர்ந்த மத்தேயு கொனிவே, ஃபோர்ட் கலாட்டா, ஸ்பாரோ ம்கொன்டோ, சிசெலோ ம்லாவுலி ஆகிய நால்வரும் 1985 ஜூன் 27 இரவு போர்ட் எலிசபெத்திலிருந்து வீடு திரும்பும் வழியில் பொலிஸாரால் மறிக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். உடல்கள் எரிக்கப்பட்டிருந்தன. ஃபோர்ட் கலாட்டாவின் மனைவி நொமொண்டே அப்போது நிறைமாதம். பதினொரு ஆண்டுகள் கழித்து அந்த மேடையில் அதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது, பேச்சு முறிந்து, உடலைப் பின்னால் வளைத்து அவர் கதறினார். அமர்வை நிறுத்த வேண்டியதாயிற்று. நம்மூரில் செத்தவீட்டு ஒப்பாரி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அந்த ஒலிப்பதிவு அந்நியமாக இருக்காது. அந்த ஆணைக்குழு உண்மையில் அந்தக் கதறலோடுதான் தொடங்கியது என்று அங்கிருந்த பலர் பின்னர் சொன்னார்கள்.

மறுபக்கமும் இருந்தது. 1997இல் கேப் டவுனில் பாதுகாப்புப் பொலிஸ்காரர் ஜெஃப்ரி பென்சியன் பொதுமன்னிப்பு கேட்டு வந்தார். ஈரத் துணிப்பையால் முகத்தை மூடி மூச்சுத்திணற வைப்பதுதான் அவருடைய சித்திரவதை முறை. அவரிடம் அகப்பட்டிருந்த டோனி யெங்கெனி, "எப்படிச் செய்தாய் என்று காட்டு" என்று கேட்டார். கீழே படுத்திருந்த ஒருவரின் முதுகில் ஏறி அமர்ந்து பென்சியன் செய்து காட்டினார். அந்தப் படம் உலகம் முழுவதும் போனது. பென்சியனுக்குப் பொதுமன்னிப்பு கிடைத்தது.

பாதிக்கப்பட்டவர்கள் மன்னித்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னதா?

இல்லவே இல்லை. குற்றவாளி வருத்தம் தெரிவிக்க வேண்டும் என்றும் சட்டம் கேட்கவில்லை. டுட்டு ஒரு மதகுரு. மன்னிப்பை அவர் மனதார நம்பினார், அந்த நம்பிக்கை அமர்வுகளின் தொனியில் இருந்தது. ஆனால் மன்னிக்க மறுத்த தாய்மாரின் சாட்சியமும் அதே அறிக்கையில் அதே மதிப்போடு பதிவாகியிருக்கிறது. பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய் மன்னிப்பைக் கடமையாகக் கேட்பதற்கு எந்த ஆணைக்குழுவுக்கும் உரிமையில்லை என்பது என் உறுதியான எண்ணம்.

குடும்பங்கள் இந்த ஏற்பாட்டை எதிர்க்கவில்லையா?

எதிர்த்தார்கள், நீதிமன்றம் வரை போனார்கள். 1977இல் தடுப்புக் காவலில் கொல்லப்பட்ட ஸ்டீவ் பீக்கோவின் குடும்பமும், 1981இல் டர்பனில் வெட்டிக் கொல்லப்பட்ட சட்டத்தரணி கிரிஃபித்ஸ் ம்செங்கேயின் குடும்பமும் பொதுமன்னிப்புப் பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று வழக்குப் போட்டன. பொதுமன்னிப்பு கிடைத்தால் குற்றவியல் வழக்கு மட்டுமல்ல, நட்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடும் உரிமையும் போய்விடும். 1996 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. உண்மையை வெளியே கொண்டுவர வேறு வழியில்லை என்பது நீதிபதிகளின் வாதம்.

ம்செங்கேயைக் கொன்ற குழுவின் தலைவர் டிர்க் குட்சியே 1997 மே மாதம் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டார். ஓகஸ்டில் பொதுமன்னிப்பு பெற்று வெளியேறினார். கிரிஃபித்ஸின் மனைவி விக்டோரியாவும் சட்டத்தரணி. கிரடொக் நால்வரின் இறுதிச்சடங்கில் பேசிய சில நாட்களில் அவரும் தன் வீட்டு வாசலில் கொல்லப்பட்டார். இப்படிப்பட்ட குடும்பங்களிடமிருந்து நாடு எவ்வளவு பெரிய விலையை வாங்கியது என்பதை மறக்கவே கூடாது.

மேலிடத்தில் இருந்தவர்கள் என்ன ஆனார்கள்?

முன்னாள் ஜனாதிபதி பி. டபிள்யூ. போத்தா அழைப்பாணையை மதிக்கவில்லை. 1998இல் அவருக்கு 10,000 ரான்ட் அபராதம் விதிக்கப்பட்டது. மறு ஆண்டு மேன்முறையீட்டில் அதுவும் நீங்கியது. அவருக்குப் பின் ஜனாதிபதியான எஃப். டபிள்யூ. டி கிளார்க் நீதிமன்றம் போய்த் தன்னைப் பற்றிய பகுதியைத் தடுத்தார். 1998 ஒக்டோபர் 29இல் மண்டேலாவிடம் கையளிக்கப்பட்ட அறிக்கையில் அந்த இடம் கறுப்பு மையால் மூடப்பட்டிருந்தது. ஆளும் ஆபிரிக்க தேசிய காங்கிரஸும் தன் முகாம்களில் நடந்த சித்திரவதைகளைப் பற்றிய முடிவுகள் பிடிக்காமல் அறிக்கைக்குத் தடை கேட்டது. நீதிமன்றம் மறுத்துவிட்டது. தன்னை நியமித்த கட்சியையும் விட்டுவைக்காத ஆணைக்குழு என்ற மரியாதை டுட்டுவின் குழுவுக்கு அதனால்தான் நிலைத்தது.

ஆவணங்கள் பெரிய இழப்பு. 1993இல் தேசியப் புலனாய்வுச் சேவையின் தலைமையகம் மட்டும் ஏறத்தாழ 44 தொன் பதிவுகளை ஆலை உலைகளில் எரித்தது. பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருந்த அதே ஆண்டில்.

அறிக்கை வந்த பிறகு வழக்குகள் நடந்தனவா?

பொதுமன்னிப்பு கிடைக்காத முந்நூறுக்கும் மேற்பட்ட வழக்குகளை ஆணைக்குழு அரச வழக்குத் தொடுநர்களிடம் ஒப்படைத்தது. ஏறத்தாழ எல்லாமே இறாக்கைகளில் தூங்கின. முன்னாள் அமைச்சர் அட்ரியான் விளொக் 2007இல் ஒரு நஞ்சூட்டல் வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஒத்திவைக்கப்பட்ட தண்டனையோடு வீட்டுக்குப் போனார். வழக்குகளை நகர்த்தவிடாமல் அரசியல் தலையீடு இருந்தது என்று தேசிய வழக்குத் தொடுநர் தலைமைப் பதவியில் இருந்த வூசி பிக்கோலியே பின்னர் சத்தியக் கடதாசியில் சொன்னார்.

கிரடொக் நால்வர் கொலைக்காகப் பொதுமன்னிப்பு கேட்ட ஆறு பொலிஸாருக்கும் 1999இல் அது மறுக்கப்பட்டது. ஒப்பந்தத்தின்படி மறுநாளே வழக்கு ஆரம்பித்திருக்க வேண்டும். ஆறு பேரும் ஒரு நாள்கூடக் கூண்டில் நிற்காமல் இறந்துபோனார்கள். நால்வரின் மரண விசாரணை 2025 ஜூனில்தான் மீண்டும் திறக்கப்பட்டது.

அகமட் டிமோலின் கதையையும் சொல்ல வேண்டும். ஆசிரியர், 29 வயது. 1971 ஒக்டோபரில் ஜொகன்னஸ்பேர்க்கின் ஜோன் வோர்ஸ்டர் சதுக்கப் பொலிஸ் கட்டடத்தின் பத்தாம் மாடியிலிருந்து குதித்துத் தற்கொலை செய்தார் என்று பொலிஸ் சொன்னது. 1972இல் மரண விசாரணை நீதவானும் அதையே எழுதினார். தாய் ஹவா டிமோல் 1996இல் உண்மை ஆணைக்குழு முன் சாட்சியமளித்துவிட்டு அடுத்த ஆண்டு கண்ணை மூடினார். டிமோலின் சகோதரியின் மகன் விடவில்லை. 2017இல் மரண விசாரணை மீண்டும் நடந்து, டிமோல் தள்ளி விழுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார் என்று நீதிபதி பில்லி மொத்லே தீர்ப்பளித்தார். அறையில் இருந்ததாகச் சொன்ன முன்னாள் பொலிஸ்காரர் ஜோவா ரொட்ரிகேஸ்மீது 2018இல் கொலை வழக்குத் தாக்கலானது. காலம் கடந்துவிட்டது என்று அவர் வழக்கை நிறுத்தக் கேட்டுத் தோற்றார். விசாரணை தொடங்குமுன் 2021இல் இறந்தார்.

2025 ஜனவரியில் 25 குடும்பங்களும் தப்பிப்பிழைத்தோரும் தங்கள் அரசுக்கு எதிராகவே நீதிமன்றம் போனார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றவர் லுக்கான்யோ கலாட்டா. தந்தை ஃபோர்ட் கொல்லப்பட்டபோது அவருக்கு மூன்று வயது. அந்த அழுத்தத்தால் ஜனாதிபதி ராமபோசா, உண்மை ஆணைக்குழுவின் வழக்குகளை யார் தடுத்தார்கள் என்று விசாரிக்க நீதிபதி சிசி கம்பெபே தலைமையில் இன்னோர் ஆணைக்குழுவை அமைத்தார். 2014இல் இலங்கைக்கு இந்த மாதிரியை எடுத்துச்சொல்ல வந்த அதே ராமபோசா.

இழப்பீடு கிடைத்ததா?

ஆறு ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் சுமார் 17,000 முதல் 23,000 ரான்ட் வரை கொடுக்க ஆணைக்குழு பரிந்துரைத்தது. அரசு 2003இல் ஒரே தடவையாக 30,000 ரான்ட் கொடுத்து முடித்தது. இனஒதுக்கலால் இலாபம் பார்த்த நிறுவனங்களிடம் ஒருமுறை வரி வாங்கும் யோசனையும் ஏற்கப்படவில்லை. இழப்பீட்டுக்கான ஜனாதிபதி நிதியத்தில் நூறு கோடி ரான்டுக்கு மேல் செலவழியாமல் கிடக்கிறது. கொலையாளிக்குப் பொதுமன்னிப்பு தீர்ப்பு வந்த அன்றே அமலானது. விதவைக்கான காசு ஐந்தாறு ஆண்டுகள் இழுபட்டுக் குறைந்து வந்தது.

ஆணைக்குழு பார்க்காமல் விட்டது எது?

கொலை, கடத்தல், சித்திரவதை, கடும் கொடுமை ஆகியவற்றையே சட்டம் வரையறுத்தது. முப்பத்தைந்து இலட்சம் பேரைக் காணியிலிருந்து பெயர்த்து எறிந்தது, நடமாட்ட அனுமதிச் சீட்டுச் சட்டங்கள், கறுப்பினப் பிள்ளைகளுக்கென்றே தரம் குறைத்த கல்வி, இவை சட்டப்படி நடந்தவை என்பதால் பாதிக்கப்பட்டோர் பட்டியலுக்குள் வரவில்லை. அறிஞர் மஹ்மூட் மம்தானி இதைக் கடுமையாக விமர்சித்தார். அவர் சொன்னது சரி. காணி பறிபோனவர்கள் இதை உடனே விளங்கிக்கொள்வார்கள்.

உண்மையும் தண்டனையும் இரண்டும் கிடைத்த நாடு உண்டா?

ஆர்ஜென்டீனா. 1983 டிசம்பரில் அமைத்த ஆணைக்குழு ஒன்பது மாதங்களில் காணாமல் ஆக்கப்பட்ட 8,960 பேரைப் பதிவுசெய்தது. அது திரட்டிய கோப்புகள் நேரே நீதிமன்றத்துக்குப் போயின. 1985இல் இராணுவ ஆட்சித் தலைவர்கள் விடெலாவுக்கும் மசேராவுக்கும் ஆயுள் தண்டனை. அங்கும் வழி நேராக இருக்கவில்லை. இராணுவம் முறுக்கியதும் வழக்குகளை நிறுத்தும் சட்டங்கள் வந்தன, தண்டனை பெற்றவர்களுக்கு ஜனாதிபதி மன்னிப்பும் வந்தது. 1977 முதல் வெள்ளைத் துணியைத் தலையில் கட்டி வியாழன்தோறும் மாயோ சதுக்கத்தைச் சுற்றி நடந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் நடையை நிறுத்தவில்லை. 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டங்கள் செல்லாது என்றது. அதன் பிறகு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டிருக்கிறார்கள். இருபது ஆண்டு பழைய வாக்குமூலங்கள் அப்போது ஆதாரமாகின.

இலங்கையில் இதுவரை நடந்தவற்றை என்னவென்று சொல்வது?

1994இல் காணாமற்போனோருக்கான மூன்று வலய ஆணைக்குழுக்கள். 2006இல் உடலாகம ஆணைக்குழு. அதைக் கண்காணிக்க வந்த, இந்திய முன்னாள் பிரதம நீதியரசர் பகவதி தலைமையிலான சர்வதேசக் குழு 2008இல் விலகிப் போனது. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு. 2013இல் பரணகம ஆணைக்குழு, இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட முறைப்பாடுகள். தென்னாபிரிக்கா முழுவதும் வாக்குமூலம் கொடுத்தவர்களுக்குக் கிட்டத்தட்ட சமமான எண்ணிக்கை. பிறகு 2016ஆம் ஆண்டுச் சட்டத்தால் காணாமற்போனோர் அலுவலகம். அதன் கண்டறிதல்கள் எவர்மீதும் குற்றவியல் அல்லது சிவில் பொறுப்பை ஏற்படுத்தமாட்டா என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

தென்னாபிரிக்காவில் மறுபாதி நிறைவேறாமல் போனது. இங்கே மறுபாதி எழுதப்படவே இல்லை. கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலின் முன் 2017 பெப்ரவரி 20இல் போராட்டத்தில் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் ஆணைக்குழு வேண்டாம் என்று சொல்வதை "நல்லிணக்கத்துக்கு எதிர்ப்பு" என்று எழுதுகிறவர்கள், அந்தத் தாய்மார் எத்தனை ஆணைக்குழுக்கள் முன் அதே கதையைச் சொல்லி முடித்தார்கள் என்று எண்ணிப் பார்க்கட்டும்.

டுட்டுவோடு ஆணையாளராக இருந்த யஸ்மின் சூக்கா, இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தை ஆராய ஐ.நா. செயலாளர் நாயகம் 2010இல் நியமித்த மூவர் குழுவிலும் இருந்தார். அதற்குப் பிறகும் இலங்கை பற்றிய சாட்சியங்களைத் திரட்டி வருகிறார். தென்னாபிரிக்க மாதிரியை உள்ளிருந்து அறிந்தவர் வழக்கு விசாரணையையும் சேர்த்தே கேட்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

புதிய ஆணைக்குழு ஒன்று வந்தால் சாட்சியம் சொல்லப் போகலாமா?

போவதும் போகாததும் அந்தந்தக் குடும்பத்தின் முடிவு. யாரும் வற்புறுத்தக் கூடாது. போகிறவர்கள் சிலவற்றை முதலிலேயே எழுத்தில் கேளுங்கள். திரட்டும் ஆதாரம் வழக்குத் தொடுநருக்குப் போகுமா? சாட்சிக்குப் பாதுகாப்பு யார் பொறுப்பு, ஆணைக்குழு கலைந்த பிறகும் அது இருக்குமா? எங்கள் மொழியில் பேசலாமா, எங்கள் மொழியில் எழுதிய வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்துத்தான் கையொப்பமிடுவோமா? அறிக்கை எப்போது, யாருக்கு வெளியிடப்படும்?

வாக்குமூலத்தின் பிரதி ஒன்றைக் கட்டாயம் வாங்குங்கள். முறைப்பாட்டு இலக்கம், திகதி, பதிவுசெய்த அதிகாரியின் பெயர், எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் எழுதிவையுங்கள். செஞ்சிலுவைச் சங்கத் துண்டு, பொலிஸ் முறைப்பாடு, பழைய கடிதம், மருத்துவச் சீட்டு எதையும் எறியாதீர்கள். மூலத்தை யாரிடமும் கொடுக்காதீர்கள். டிமோலின் வழக்கை 2017இல் புரட்டியவை இரண்டு. ஒன்று, அவரோடு கைதான சலீம் எசொப் உயிரோடு வந்து சொன்ன சாட்சியம். மற்றது, 1971இல் எழுதிய பிரேத பரிசோதனை அறிக்கை. விழுவதற்கு முன்பே உடலில் இருந்த காயங்கள் 46 ஆண்டுகளாக அந்தத் தாளில் அப்படியே இருந்தன.